உறைநிலத்தின் மேல் ஓர் இயற்கை மையம்: புதைப்பதா, தூக்கி நிறுத்துவதா?

கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். வட துருவத்துக்கு அருகே, நோர்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், லாங்யர்பியன் ஊரை ஒட்டி, அட்வென்ட் பள்ளத்தாக்கின் வாயில் அமையும் ஓர் இயற்கை மையம்தான் அவருடைய தீசிஸ். குளிரிலிருந்து காக்கும் என்று கட்டடத்தைப் பாதி மண்ணுக்குள் புதைத்திருக்கிறார். மேலே இக்ளூ வடிவில் ஒரு கண்ணாடிக் குவிமாடம். அதன் வழியே துருவ ஒளியைப் பார்க்கலாம். முதல் ஜூரியிலேயே (திட்டத்தை மதிப்பிடும் அமர்வு) ஒருவர், "இது ஐந்து ஆண்டில் மண்ணுக்குள் இறங்கிவிடும்" என்று சொல்லிவிட்டார். வெப்பக்காப்பு எத்தனை அங்குலம் வைத்தால் தப்பிக்கலாம், அல்லது பைல்களின், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்களின், மேல் தூக்கிவிட்டால் போதுமா என்பது கேள்வி.

கேள்வி அங்குலக் கணக்கில் இருக்கிறது. ஆனால் உங்கள் வரைபடங்களை விவரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இதுதான் என்று நினைக்கிறேன்: கட்டடம் தரையோடு சேர வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா? நான் கட்டட இயற்பியல் பொறியாளன். வட நோர்வேயில் வெப்பம், ஈரம், காற்றுக்கசிவு ஆகியவற்றைக் கணக்கிடுவதே என் அன்றாட வேலை. ஸ்வால்பார்டுக்கும் வேலை நிமித்தம் போய்வருகிறேன். மண் பொறியியலும் பனிச்சரிவு மதிப்பீடும் என் துறை அல்ல. அவற்றைப் பற்றிச் சொல்லும் இடங்களில், அந்தத் துறையினரோடு வேலை செய்து தெரிந்துகொண்ட அளவுக்கே சொல்கிறேன்.

முதலில் ஐயமில்லாத ஒன்று. நீங்கள் குளிரை எதிரியாக வைத்து வடிவமைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் கட்டடத்துக்கு ஆபத்து விளைவிப்பது அதனுடைய சொந்தச் சூடு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கும் நிலத்தைத்தான் நிரந்தர உறைநிலம் என்கிறோம். லாங்யர்பியன் பள்ளத்தாக்குகளில் அது சுமார் நூறு மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. கோடையில் மேலே ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் சற்று அதிகமாக, உருகி மீண்டும் உறையும். அடியில் இருக்கும் உறைந்த மண், உறைந்திருக்கும் வரை கான்கிரீட் போல உறுதியானது. அதிலுள்ள பனிக்கட்டி உருகினால் சேறாகிவிடும். அந்தச் சேற்றிலிருந்து தண்ணீர் வெளியேற, மேலே நிற்பது இறங்கும். அதுவும் எல்லா மூலையும் ஒரே அளவில் இறங்காது.

புதைத்த கட்டடத்தின் தரை வழியே எவ்வளவு சூடு போகும் என்று நீங்களே கணக்கிடலாம். நோர்வே பெருநிலத்தின் கட்டட விதியான டெக்17, தரைக்கு 0.10 என்ற யூ மதிப்பைக் கேட்கிறது. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் சூடு கசியும் என்பதே யூ மதிப்பு. கனிமக் கம்பளியில் ஏறக்குறைய 35 முதல் 40 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். அவ்வளவு வைத்ததாகவே கொள்வோம். உள்ளே 21 டிகிரி, கீழே மைனஸ் 4; வித்தியாசம் 25 டிகிரி. ஒரு சதுர மீட்டர் தரை வழியே 2.5 வாட் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். பூமியின் உள்ளிருந்து மேலே வரும் வெப்பமோ அதே சதுர மீட்டருக்கு 0.1 வாட்டுக்கும் குறைவு. அதாவது இயற்கை அந்த மண்ணுக்குக் கீழிருந்து கொடுப்பதைப் போல 25 மடங்குக்கு மேல், இரவும் பகலும், மேலிருந்து நீங்கள் ஊற்றுகிறீர்கள். ஓர் ஆண்டில் சேரும் அந்த வெப்பம் முழுவதும் பனியை உருக்கவே செலவானால், ஒரு சதுர மீட்டருக்கு இருநூறு கிலோவுக்கு மேல் பனி உருகும். தொடக்கத்தில் பெரும்பகுதி ஆழத்துக்கும் பக்கவாட்டிலும் பரவிப்போகும் என்பது உண்மை. ஆனால் நிலம் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பரவுவதற்கு இடமில்லாமல் போகும்.

ஆகவே அங்குலத்தைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. வெப்பக்காப்பு சூட்டைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. முதல் பத்து சென்டிமீட்டர் செய்யும் வேலையை நான்காவது பத்து சென்டிமீட்டர் செய்வதில்லை. பத்து சென்டிமீட்டரில் யூ மதிப்பு ஏறக்குறைய 0.35, இருபதில் 0.18, நாற்பதில்தான் 0.09. சூடு மண்ணைத் தொடுவதற்கு முன்பு அதை எடுத்துச் செல்ல ஏதாவது வேண்டும். அந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பது காற்று. கட்டடத்துக்கு அடியில் ஒரு மீட்டருக்குக் குறையாத திறந்தவெளி விட்டு, குளிர்காலம் முழுவதும் அதில் காற்று ஓடவிட்டால், தரையிலிருந்து கசியும் சூட்டைக் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். அடியில் நிழலும் இருப்பதால், சுற்றியுள்ள நிலத்தைவிடக் கட்டடத்தின் கீழுள்ள நிலம் சில சமயம் கூடுதல் குளிராகவே இருக்கும்.

"பழங்குடிகள் மண்ணுக்குள் பாதி புதைந்த வீடுகளில்தானே வாழ்ந்தார்கள்?" என்று ஜூரியில் நீங்கள் பதில் சொல்லத் தோன்றலாம். கிரீன்லாந்திலும் கனடாவின் வடக்கிலும் வாழ்ந்தார்கள். மண்கட்டியும் கல்லும் திமிங்கில எலும்பும் கொண்டு கட்டிய அந்த வீடுகள் அற்புதமான அறிவின் விளைவு. நுழைவுச் சுரங்கம் அறையைவிடத் தாழ்ந்திருக்கும். கனமான குளிர்காற்று அங்கேயே தங்கிவிடும். ஆனால் அந்த வீட்டைச் சூடாக்கியது கடல்நாய்க் கொழுப்பு விளக்கு. வேனில் வந்ததும் வீட்டை விட்டுக் கூடாரத்துக்குப் போய்விடுவார்கள். நிலம் மீண்டும் குளிர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் 21 டிகிரியில், கழிப்பறையும் காபிக்கடையும் சர்வர் அறையும் வைத்து நடத்தும் ஆயிரம் சதுர மீட்டர் மையத்துக்கு அந்த முன்மாதிரி பொருந்தாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஸ்வால்பார்டில் பழங்குடிகள் வாழ்ந்ததற்குத் தடயமே இல்லை. 1596-இல் டச்சு மாலுமி பாரென்ட்ஸ் கண்ட பிறகு அங்கே வந்தவர்கள் திமிங்கில வேட்டைக்காரர்கள், ரஷ்யாவின் பொமோர் வேட்டையர், நோர்வேயின் பொறிவைப்போர், பிறகு நிலக்கரித் தொழிலாளர்கள். இக்ளூ அந்தத் தீவின் வடிவம் அன்று. அந்த ஊரின் மலைச்சரிவில் இன்றும் நிற்கும் மரத்தூண்களைப் பாருங்கள்; நிலக்கரியைக் கொண்டுசென்ற கம்பிவடப் பாதையைத் தாங்கியவை அவை. மெல்லிய கால்களில் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்தச் சட்டகங்களில் உங்கள் தீசிஸுக்கு வேண்டிய வடிவச் சொற்கள் நிறைய இருக்கின்றன.

விதைப் பெட்டகத்தையும் யாராவது எடுத்துக்காட்டக்கூடும். 2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகம் அதே ஊரில்தான் மலைக்குள் புதைந்திருக்கிறது. ஆனால் அது பாறைக்குள் இருக்கிறது. உள்ளே மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குச் சூடு கொடுக்காத கட்டடம் அது. அதற்கே 2016 அக்டோபரில், வழக்கத்துக்கு மாறான வெம்மையும் மழையும் சேர்ந்து, நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தது. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னர் அந்தச் சுரங்கத்தையே நீர் புகாதபடி புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

இப்போது பைல்களுக்கு வருவோம். தூக்கினால் போதுமா என்றால், போதாது. முன்மாதிரிகளைப் படிக்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் கூரையைப் பார்க்கிறார்கள். நீங்கள் அதன் கால்களைப் பாருங்கள். லாங்யர்பியனின் அறிவியல் மையம், யார்முண்ட்-விக்ஸ்னெஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, 2005-இல் முடிந்தது. அது பைல்களின் மேல் நிற்கிறது. முக்கியச் சட்டகம் மரம். அந்த இடத்திலேயே வெட்டித் திருத்திக்கொள்ளலாம், உலோகச் சட்டகத்தைப் போல வெளியே சூட்டைக் கடத்தாது என்பதற்காக மரத்தை எடுத்தார்கள். மேற்போர்வை செம்பு, கடுங்குளிரிலும் வளைத்து வேலை செய்ய முடியும் என்பதால் கட்டும் பருவம் நீண்டது. கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் 2021-இல் திறந்த பனிநீரிணை மையம், கட்டடக் கலைஞர் டோர்டே மாண்ட்ரூப்பின் கை. எஃகுச் சட்டங்கள் வரிசையாக முறுக்கிக்கொண்டு போகும் அந்த வடிவத்தை எல்லா மாணவர்களும் நகலெடுக்கிறார்கள். ஆனால் அது பழம்பாறையின் மேல் கால் ஊன்றியிருக்கிறது. பாறைக்கு உருகும் கவலை இல்லை. அதே உடலைக் கொண்டுபோய் அட்வென்ட் பள்ளத்தாக்கின் சேற்றில் வைத்தால் அது வேறு கட்டடம். அண்டார்க்டிக் நிலையங்களையும் முன்மாதிரியாக அடுக்கிவிடாதீர்கள். மிதக்கும் பனித்தட்டின் மேல் ஹைட்ராலிக் கால்களில் நிற்கும் பிரிட்டனின் ஹேலி நிலையத்துக்கு இருக்கும் பிரச்சினை வேறு. நம் நாட்டின் பாரதி நிலையம் 134 கப்பல் கன்டெய்னர்களைக் கொண்டு பாறைமேல் கட்டியது. கப்பல் போக்குவரத்தையும் முன்தயாரிப்பையும் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம், அடித்தளத்தை அல்ல.

உங்கள் இடத்தின் மண்ணில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. பள்ளத்தாக்கின் வாய் முன்பு கடலடியாக இருந்தது. அடியில் கடல் களிமண், அதில் உப்பு. உப்புநீர் பூஜ்யத்தில் உறைவதில்லை. வெப்பமானி மைனஸ் 2 என்று காட்டும்போதுகூட அந்த மண்ணுக்குள் உறையாத நீர் இருக்கும்; பைலைப் பிடித்துக்கொள்ளும் பலம் குறையும். மேலடுக்கு ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் உறையும்போது பைலின் தோளைப் பற்றி மேலே இழுக்கவும் செய்யும். அந்த இழுப்பைவிட ஆழத்திலுள்ள பிடி வலுவாக இருந்தால்தான் பைல் நிற்கும். பழைய வீடுகளின் மரப்பைல்கள் உருகும் மேலடுக்கில் அழுகியதால், புதிய கட்டடங்களுக்கு எஃகுப் பைல்களைப் பாறை வரை இறக்குகிறார்கள். பாறை எட்டாத இடத்தில், மண்ணிலிருந்து சூட்டைத் தானாக உறிஞ்சி வெளியே விடும் வெப்பக் குழாய்களைப் பயன்படுத்தலாம். மின்சாரம் வேண்டாம், உள்ளே இருக்கும் திரவம் அடியில் ஆவியாகி மேலே குளிர்ந்து இறங்கும். 1977-இல் ஓடத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாயின் தூண்களில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய குழாய்கள் இருக்கின்றன. உங்கள் மையத்துக்கு அவை தேவையா என்பதை மண் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் செக்‌ஷனில் (கட்டடத்தின் வெட்டுமுகப் படத்தில்) அந்தத் தெரிவு உங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டிவிடுங்கள்.

தூக்கிய கட்டடம் எப்படித் தோற்கும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டின் கதவுகள் சரியாகச் சாத்தவில்லை என்று அழைத்திருந்தார்கள். வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனேன். பைல்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சறுக்குவண்டிகளையும் பழைய சாமான்களையும் வைப்பதற்காக, இரண்டு பக்கம் பலகை அடித்து மூடியிருந்தார்கள். காற்று நின்றுபோனது, அந்தப் பலகையின் மேல் பனி மோதி, வெளியே இடுப்பளவு குவிந்துகிடந்தது. உள்ளே டார்ச் அடித்தால் மற்ற இடங்களில் பைலின் மேல் பூத்திருந்த உறைபனி, அந்த மூலையில் மட்டும் இல்லை. மண் ஈரமாக, விரல் பதியும் அளவுக்கு இருந்தது. பைல்கள் இருந்தும் அந்த மூலை இறங்கிவிட்டது. பார்த்தால் சிறிய விஷயம். வடிவமைப்பாளர் பொருள் வைக்கும் அறையைத் திட்டத்தில் தராவிட்டால், குடியிருப்பவர்கள் அதைக் கட்டடத்தின் அடியில் கண்டுபிடித்துக்கொள்வார்கள். உங்கள் மையத்தில் பனிவண்டிகள், சறுக்குக்கட்டைகள், வழிகாட்டிகளின் உபகரணங்கள் ஆகியவற்றுக்குச் சூடேற்றாத ஒரு கிடங்கைத் தனியாகக் கொடுங்கள்.

மேலே சொன்ன பனிக்குவியலில்தான் அடுத்த பாடம் இருக்கிறது, பலர் கவனிக்காதது. பனி குளிரானது, ஆனால் அது நிலத்துக்குப் போர்வை. உள்ளே அடைபட்ட காற்றினால் புதுப்பனி ஏறக்குறைய நல்ல வெப்பக்காப்புப் பொருளுக்கு அருகில் வரும். காற்றில் இறுகிய பனிகூடக் கணிசமாகத் தடுக்கும். குளிர்காலத்தில்தான் நிலம் தன் சூட்டை வெளியே விட்டுக் குளிர வேண்டும். அந்த நேரத்தில் கட்டடத்தின் மறைவில் இரண்டு மீட்டர் பனி குவிந்தால், அங்கே நிலம் குளிர முடியாது. லாங்யர்பியனில் ஓர் ஆண்டுக்கு விழும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 200 மில்லிமீட்டர்தான். சென்னையில் விழுவதில் ஏழில் ஒரு பங்கு. வானத்திலிருந்து விழுவது கொஞ்சம். பள்ளத்தாக்கு முழுவதிலுமிருந்து காற்று வாரிக்கொண்டு வருவதுதான் அதிகம். குளிர்காலக் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து, அட்வென்ட் பள்ளத்தாக்கின் நீளவாட்டில், கடலை நோக்கி வரும். உங்கள் கட்டடம் அதற்குக் குறுக்கே நின்றால் பின்னால் பெரும் குவியல் விழும். நீளவாட்டில் நின்றால் குறையும். வாசலைக் காற்றுக்கு மறைவான பக்கம் வைப்பதே இயல்பான புத்தி. அங்கேதான் பனி சேர்ந்து கதவை மூடும். காற்று உரசிக்கொண்டு போகும் பக்கச் சுவர்களில் வாசலை வையுங்கள். அவசர வாசல் வெளிப்புறம் திறக்க வேண்டும் என்பதால் அதற்குக் கூரையும், பனி தங்காமல் கீழே விழும் எஃகுக் கிராதிப் படிகளும் கொடுங்கள்.

அறிவியல் மையத்தின் கூரை வடிவத்தைக் கணினியில் காற்று, பனி ஓட்டத்தைப் பார்த்தே திருத்தினார்கள். கதவு, ஜன்னல்களுக்கு முன் பனி சேராமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். உங்களிடம் அந்த மென்பொருள் இல்லையென்றால், ஓர் அடி நீள மாடலை மேஜை மின்விசிறியின் முன் வைத்து நுண்மணலைத் தூவிப் பாருங்கள். அளவு விதிகள் சரியாகப் பொருந்தாது. எவ்வளவு குவியும் என்பதை அது சொல்லாது. எங்கே குவியும் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே காட்டும். கணினிக் கணக்குகளும் குவியலின் இடத்தைச் சொல்லும் உறுதியோடு உயரத்தைச் சொல்வதில்லை.

குவிமாடத்தைப் பற்றி நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: எடுத்துவிடுங்கள். நல்ல மூவடுக்குக் கண்ணாடியின் யூ மதிப்பு 0.8 வாக்கில் இருக்கும். நல்ல கூரையைவிட ஆறு மடங்கு சூடு போகும். அது செலவு, தாங்கிக்கொள்ளலாம். அந்தக் கண்ணாடி அதன் வேலையைச் செய்யாது என்பதுதான் பெரிய குறை. உள்ளே சிறு விளக்கு எரிந்தாலும் கண்ணாடியில் தெரிவது உள்ளே இருப்பவர்களின் முகம். அதோடு, 78 டிகிரி வடக்கில் இருக்கும் லாங்யர்பியன், இரவுத் துருவ ஒளி அதிகமாகத் தோன்றும் வளையத்துக்கும் வடக்கே இருக்கிறது. அந்த ஊரின் தனிச்சிறப்பு பகல்நேரத் துருவ ஒளி: அக்டோபர் 26 வாக்கில் தொடங்கி பிப்ரவரி நடு வரை சூரியன் எழாததால், நடுக்குளிர்காலத்தில் பகலிலும் வானம் இருண்டிருக்கும், சூரியனை நோக்கிய பக்கத்துத் துருவ ஒளியை அங்கிருந்து காணலாம். மலைமேல் 2008-இல் கெல் ஹென்ரிக்சன் ஆய்வகத்தை நிறுவியதற்கு அதுவே காரணம். இதை வடிவமாக்க வேண்டுமென்றால், சூடேற்றாத, விளக்கில்லாத, காற்றுக்கு மட்டும் தடுப்புள்ள ஒரு திறந்த மேடையைக் கொடுங்கள். வட நோர்வேயின் வார்டோ நகரிலுள்ள பயோடோப் என்ற கட்டடக்கலைக் குழு, பறவை பார்ப்பவர்களுக்காக அத்தகைய சிறு காற்றுத் தடுப்புகளை வாரங்கர் கரையெங்கும் கட்டியிருக்கிறது. உங்கள் குவிமாடத்தைவிட அவற்றின் மரப்பலகைகள் உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். வெளிச்சத்தைப் பற்றி இன்னொரு காரணமும் உண்டு: துருவ இரவில் கப்பல் விளக்குகள் கடலின் சிறு மிதவை விலங்குகளையும் மீன்களையும் 200 மீட்டர் ஆழம் வரை நிலைகுலையச் செய்வதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. கரையோரத்தில் இரவெல்லாம் ஒளிரும் குவிமாடம் வைத்துவிட்டு இயற்கை மையம் என்று பெயரிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

சூரியன் விஷயத்தில் நம் ஊரில் படித்ததைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். உச்சியில் நிற்கும் சூரியனுக்காக ஜன்னலுக்கு மேல் சஜ்ஜா போடப் பழகிய கை நம்முடையது. அங்கே ஜூன் மாதத்தில்கூட சூரியன் 35 டிகிரிக்கு மேல் ஏறாது. நள்ளிரவில் வடக்கே 11, 12 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வாக்கில் வரை அது மறைவதே இல்லை. எல்லாச் சுவரையும் சுற்றி வரும். சஜ்ஜா ஒன்றும் மறைக்காது. தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடி கோடையில் உள்ளே புழுக்கும். பார்க்க வேண்டிய காட்சி எதுவோ அங்கே மட்டும், மனிதன் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில், நீளமான குறுகிய ஜன்னல் போதும். ஈரத்தின் திசையும் மாறுகிறது. 21 டிகிரியில், 40 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 7 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 20 டிகிரிக் காற்று ஒரு கிராமை ஒட்டித்தான் தாங்கும். ஆகவே நீராவி எப்போதும் உள்ளிருந்து வெளியே போக முயலும். நீராவித் தடுப்புத் தாள் சுவரின் உட்புறம், சூடான பக்கத்தில் வர வேண்டும். அதில் ஒரு மின்குழாய்த் துளையைச் சரியாக ஒட்டாமல் விட்டால் போதும். அந்த வழியே கசியும் காற்று சுவருக்குள் பனியாக உறைந்து, ஏப்ரலில் தண்ணீராக வடியும். வெப்பக்காப்பில் ஐந்து சென்டிமீட்டர் கூட்டுவதைவிட அந்தத் துளையை அடைப்பது பெரிது. சுவர் செக்‌ஷனை விரிவாக வரையும்போது அந்தத் தாள் எங்கும் அறுபடாமல் போகிறதா என்று ஒரு பேனாவால் தொடர்ந்து கோடிட்டுப் பாருங்கள்.

இனி உறுதியில்லாதவை. நான் மேலே சொன்ன காற்றுவெளித் தீர்வு, குளிர்காலம் குளிராக இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஸ்வால்பார்ட் விமான நிலையத்தில் 1961 முதல் 1990 வரையிலான சராசரி வெப்பநிலை மைனஸ் 6.7 டிகிரி, 1991 முதல் 2020 வரை எடுத்தால் மைனஸ் 4 வாக்கில். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருப்பதாக 2022-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2020 ஜூலையில் அந்த விமான நிலையத்தில் 21.7 டிகிரி பதிவானது. ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடத்துக்கு எந்த வெப்பநிலையை வைத்து வடிவமைப்பது என்பதில் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பாறை வரை எஃகை இறக்கிவிட்டால் நிலம் உருகினாலும் நிற்கும் என்பார்கள் ஒரு சாரார். எஃகும் செலவும் கூடும், எஃகு தயாரிப்பில் வெளியாகும் கார்பனும் கூடும். கட்டடத்தை இலேசாக்கி, கால்களைச் சரிசெய்துகொள்ளும்படி திருகு வைத்து, தேவைப்பட்டால் கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம் என்பார்கள் இன்னொரு சாரார். சிறிய மையத்துக்கு எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும். பெரிய கூட்டம் வரும் மையத்துக்கு முதலாவதுதான் பாதுகாப்பு. ஜூரியில் சொன்ன "ஐந்து ஆண்டு" என்ற கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணில் எவ்வளவு பனி, எவ்வளவு உப்பு என்று தெரியாமல் யாரும் ஆண்டு சொல்ல முடியாது. லாங்யர்பியனிலுள்ள யுனிஸ் பல்கலைக்கழக மையத்தின் ஆய்வாளர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் துளையிட்டு நிலவெப்பநிலையைப் பல ஆண்டுகளாகப் பதிந்துவருகிறார்கள். அவர்களுடைய வெளியீடுகளில் உங்கள் இடத்துக்கு அருகிலுள்ள துளையின் பதிவைத் தேடுங்கள். ஜூரிக்குத் தர வேண்டிய பதில் அதில்தான் கிடைக்கும்.

இடத்தேர்வைப் பற்றியும் கொஞ்சம். 2015 டிசம்பர் 19 அன்று ஊரையொட்டிய மலைச்சரிவிலிருந்து இறங்கிய பனிச்சரிவு வீடுகளை நகர்த்தி இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது; அதன் பிறகு சரிவின் அடியில் கட்டுவது பற்றிய பார்வையே மாறிவிட்டது. ஆகவே காட்சிக்காகச் சரிவின் பக்கம் நகர வேண்டாம். 1946-க்கு முந்திய மனிதத் தடயம் எதுவானாலும், ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டானாலும், ஸ்வால்பார்ட் சுற்றுச்சூழல் சட்டம் அதைத் தானாகவே பாதுகாக்கிறது; உங்கள் மனையில் பழைய கம்பிவடத் தூணின் அடிக்கட்டை இருந்தால் அதைச் சுற்றித்தான் வடிவமைக்க முடியும். பனி மூடாத, உறையாத நிலத்தில் சாலைக்கு வெளியே வண்டி ஓட்டத் தடை இருக்கிறது. தாவரப் போர்வையில் விழும் சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் மறையாது. எந்த மாதத்தில் எந்த வழியாகப் பொருள் வந்து சேரும் என்று ஒரு தாளில் காட்டினால், உங்கள் திட்டம் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு பெரிய வரம் இருக்கிறது. உங்கள் குறிப்பில் அது இல்லாதது எனக்கு வியப்பு. பள்ளத்தாக்கின் வாயில் சறுக்குவண்டி நாய்களின் பட்டி இருக்கிறது. அதை ஒட்டி, சாலையிலிருந்து சில அடி தூரத்தில், ஒவ்வொரு கோடையிலும் ஈடர் வாத்துகள் கூட்டமாக முட்டையிட்டு அடைகாக்கின்றன. குரைக்கும் நாய்கள் இருக்கும் இடத்துக்கு ஆர்க்டிக் நரி நெருங்காது என்பதை அவை அறிந்துவைத்திருக்கின்றன. மண்நிறப் பெட்டை அசையாமல் உட்கார்ந்திருக்கும். கண்ணெதிரே இருந்தும் முதலில் கண்ணில் படாது. இதைப் பார்க்க ஒரு தாழ்ந்த மறைவிடம், வாத்துகளின் பக்கம் ஒரு சாண் உயரப் பிளவு, முழங்காலிட்டு உட்காரப் பலகை: குவிமாடத்தின் இடத்தில் உங்கள் திட்டத்தின் இதயமாக இதை வைக்கலாம். அருகில்தான் வெண்கரடி எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. "ஸ்வால்பார்ட் முழுவதற்கும் பொருந்தும்" என்று அதில் எழுதியிருக்கும். அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். கட்டடத்தின் அடிவெளி ஒரு கரடிக்கு நல்ல மறைவிடம். ஒவ்வொரு கதவின் அருகிலும், வெளியே கால் வைக்கும் முன் இரு பக்கமும் பார்க்கும்படி ஜன்னல் வேண்டும். வழிகாட்டிகள் துப்பாக்கியோடு வருவார்கள். உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் பூட்டும் அலமாரி வேண்டும். நிலக்கரிக் காலத்து வழக்கப்படி ஊரின் பல கட்டடங்களில் இன்றும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடுகிறார்கள். கப்பலிலிருந்து ஒரே நேரத்தில் நூறு பேர் வந்து, கனமான பூட்ஸையும் பனியுடையையும் கழற்றுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பெஞ்ச் போட்டு அளந்து பாருங்கள். நீங்கள் வரைந்திருக்கும் நுழைவறை அநேகமாக மூன்று மடங்கு பெரிதாக வேண்டியிருக்கும்.

மையம் ஏன் ஊருக்கு அருகே இருக்க வேண்டும் என்று ஜூரி கேட்டால், உங்களுக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. 2025 ஜனவரி 1 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் போக முடியாது. அங்கே கரையிறங்குவதற்கும் 43 இடங்களை மட்டுமே அனுமதித்திருக்கிறார்கள். மக்களைத் தொலைவிலுள்ள கரைகளிலிருந்து விலக்கி ஊர்ப்பக்கம் வைத்திருக்க வேண்டுமென்றால், ஊர்ப்பக்கம் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். நாய்ப்பட்டியின் ஓரத்து வாத்துகள் அந்த வேலையைச் செய்யும்.

அடுத்த ஜூரிக்கு முன் ஒரே ஒரு தாளுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஐம்பதில் ஒரு பங்கு அளவில் ஒரு செக்‌ஷன் வரையுங்கள். கூரையில் தொடங்கிப் பைலின் நுனி வரை. மார்ச் மாதத்தில் உள்ளே எத்தனை டிகிரி, தரைக்கு அடியிலுள்ள காற்றில் எத்தனை, மண்ணில் ஒரு மீட்டரில் எத்தனை, பத்து மீட்டரில் எத்தனை என்று எண்களை எழுதுங்கள். கட்டடத்தின் இரு பக்கமும் பனி எங்கே குவியும் என்று கோடிடுங்கள். இடத்தை மாற்ற வழிகாட்டி ஆசிரியர் சம்மதித்தால், களிமண்ணை விட்டு, பாறை மேலே தெரியும் ஒரு மேட்டைத் தேடிப்பாருங்கள். மறைவிடத்தை மட்டும் பட்டியருகே தனியாக, நாலைந்து திருகுப் பைல்களின் மேல், சூடேற்றாமல் விட்டுவிடலாம். சம்மதிக்கவில்லையென்றால் மையத்தைப் பாதியாகச் சுருக்குங்கள்.